சோர்வு சோம்பல் அல்ல: தசைச் சோர்வு நோயும் உடலின் ஓமோன்களும்

காலையில் எழும்பும்போது அவருக்கு ஒரு குறையும் இல்லை. முற்றம் கூட்டுகிறார், தண்ணீர் அள்ளுகிறார், அடுப்பு மூட்டுகிறார். வயலில் களை பிடுங்கத் தொடங்கி இரண்டு மணித்தியாலம் ஆனதும் கை தூக்க முடியவில்லை. மத்தியானத்தில் ஒரு பக்கத்து இமை கீழே விழுகிறது; பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. சோறு மெல்லும்போது பாதியில் தாடை களைத்துவிடுகிறது. பின்னேரம் ஆனால் பேச்சு மூக்கால் வருகிறது. ஒரு மணித்தியாலம் படுத்து எழும்பினால் மீண்டும் சுகம்.

இப்படியான ஒருவரைப் பற்றி ஊரார் என்ன சொல்வார்கள் என்பதை நாம் அறிவோம். "காலையில் நன்றாகத்தானே இருந்தாள், வேலை என்றதும் வருத்தம் வருகிறது" என்பார்கள். சிலர் செய்வினை என்பார்கள். இடம்பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களில், "பட்ட துன்பத்தால் மனம் உடைந்துவிட்டது" என்று அதோடு விட்டுவிடுவதும் உண்டு. துன்பம் உண்மையே. ஆயினும் மேலே சொன்ன அறிகுறிகளுக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். அந்த நோய்க்குத் தசைச் சோர்வு நோய் என்று பெயர். வைத்தியர்கள் மயஸ்தீனியா கிராவிஸ் என்பார்கள். பத்து இலட்சம் பேரில் ஏறக்குறைய 150 முதல் 200 பேருக்கு இது இருப்பதாக உலக அளவில் கணக்கிடப்பட்டுள்ளது. அபூர்வமான நோய்தான், ஆயினும் ஒரு மாவட்டத்தில் ஒருவரும் இல்லை என்று சொல்லும் அளவுக்கு அபூர்வம் அல்ல. இந்தி நடிகர் அமிதாப் பச்சனுக்கும் 1980களில் இந்நோய் கண்டறியப்பட்டது. அதன் பின்னரும் அவர் பல்லாண்டுகள் நடித்துவருகிறார்.

இந்நோய் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை, கூடும், குறையும். அதற்கு உடலின் ஓமோன்களும் ஒரு முக்கிய காரணம். அதனை விளங்கிக்கொண்டால் வீண்பழியையும் தவிர்க்கலாம், உயிராபத்தையும் தவிர்க்கலாம்.

நோய் எங்கே நிகழ்கிறது?

கட்டுக்கரைக் குளத்தில் நீர் நிறைய இருக்கிறது. மதகும் திறக்கப்பட்டுவிட்டது. வாய்க்காலிலும் நீர் ஓடுகிறது. ஆனால் வயலின் வாய்மடை அடைபட்டிருந்தால் பயிர் வாடும். தசைச் சோர்வு நோயில் நடப்பதும் இதுவே.

மூளையின் கட்டளை நரம்பு வழியாகத் தசைவரை வருகிறது. நரம்பின் முனையில் அசற்றைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள் வெளிப்பட்டு, தசையில் உள்ள வாங்கிகளில் போய்ச் சேர்கிறது. அப்போதுதான் தசை சுருங்கும். இந்த வாங்கிகளே நாம் சொன்ன வாய்மடைகள். நோயாளியின் நரம்பும் பழுதில்லை, தசையும் பழுதில்லை; இடையிலுள்ள வாய்மடைகளே அடைபட்டும் அழிந்தும் போகின்றன.

அவற்றை அடைப்பது யார்? உடலின் காவற்படையே. நோய்க்கிருமிகளை எதிர்ப்பதற்காக எமது இரத்தத்தில் பிறபொருளெதிரிகள் உண்டாகின்றன. காவலுக்கு வைத்தவன் வீட்டுக்காரனையே கள்ளன் என்று எண்ணி அடிப்பதுபோல, சிலருக்கு இந்தப் பிறபொருளெதிரிகள் சொந்த உடலையே தாக்கத் தொடங்குகின்றன. உடல் முழுவதும் பரவிய தசைச் சோர்வு நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 85 பேரின் இரத்தத்தில், வாங்கிகளைத் தாக்கும் பிறபொருளெதிரிகளைப் பரிசோதனையில் காணலாம். ஆகவே இது தொற்றுநோய் அல்ல. ஒரே கோப்பையில் குடித்தாலும் ஒரே பாயில் படுத்தாலும் பரவாது.

பாம்பின் விஷம் காட்டிய வழி

இந்த உண்மையைக் கண்டறிய உதவியது ஒரு பாம்பின் விஷம் என்றால் எமது விவசாயிகள் வியப்படையமாட்டார்கள். கட்டுவிரியன் என்றும் எட்டடி விரியன் என்றும் சொல்லப்படும் பாம்பு, நிலத்தில் படுத்துறங்குவோரை இரவில் தீண்டுவதை வன்னியிலும் மன்னாரிலும் அறியாதவர் இல்லை. கடித்த இடத்தில் பெரிதாக வீக்கமோ வலியோ இராது. சில மணித்தியாலத்தில் கண் இமைகள் விழும், பேச்சுக் குழறும், விழுங்க முடியாது போகும், ஈற்றில் மூச்சு நிற்கும். தசைச் சோர்வு நோயின் அறிகுறிகளும் இதே வரிசையைச் சேர்ந்தவை அல்லவா?

தாய்வானில் வாழும் ஒரு விரியன் இனத்தின் விஷத்திலிருந்து, தசையின் வாங்கிகளை இறுகப் பற்றும் ஒரு பொருளை 1963இல் சாங், லீ என்ற இரு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர். அந்தப் பொருளைப் பயன்படுத்தி வாங்கிகளை எண்ணக்கூடியதாயிற்று. இந்நோயாளிகளின் தசைகளில் வாங்கிகள் குறைந்திருப்பது 1973இல் தெரியவந்தது. அதே ஆண்டில், மின் விலாங்கு மீனிலிருந்து எடுத்த வாங்கிகளை முயல்களுக்கு ஊசி மூலம் செலுத்தியபோது, முயல்களுக்கும் இதே சோர்வு உண்டானது. உடலின் காவற்படையே குற்றவாளி என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விஷப் பாம்புகளிடமிருந்து காக்கும்படி மடு மாதாவை வேண்டி, அத்திருத்தலத்து மண்ணைக் கொண்டுசெல்வது எமது மக்களின் நீண்டகால மரபு. அந்த விசுவாசத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் பாம்பு தீண்டியவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதும் அந்த விசுவாசத்தின் ஒரு பகுதியே. ஒரே இரவில் திடீரென்று இமை விழுந்தால் முதலில் பாம்புக் கடியைச் சந்தேகியுங்கள். வாரக்கணக்கில், பின்னேரங்களில் விழுந்து விழுந்து எழும்பும் இமையென்றால் தசைச் சோர்வு நோயைச் சந்தேகியுங்கள். அத்தகைய இமையின்மேல் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை இரண்டு நிமிடம் வைத்தால் இமை சற்று உயர்வதுண்டு. வைத்தியர்கள் இதனை ஒரு பரிசோதனையாகவே செய்கிறார்கள். குளிரில் நிலைமை தேறும், வெயிலிலும் காய்ச்சலிலும் மோசமாகும்.

ஓமோன் என்பது என்ன?

நரம்பு, ஒரு குறித்த தசைக்கு மட்டும் செய்தி கொண்டுபோகும். ஓமோனோ இரத்தத்தில் கலந்து உடல் முழுவதற்கும் செய்தி கொண்டுபோகும். சுரப்பிகள் எனப்படும் சிறு உறுப்புக்கள் இவற்றை உண்டாக்குகின்றன. குளத்து நீரைப் போலவே ஓமோனுக்கும் மட்டம் முக்கியம். மட்டம் ஏறினால் அணை உடைக்கும்; இறங்கினால் பயிர் வாடும். உடலின் காவற்படையும் இந்த மட்டங்களைப் பார்த்தே சில காலத்தில் சீறுகிறது, சில காலத்தில் அடங்குகிறது. தசைச் சோர்வு நோயில் மூன்று வகை ஓமோன்களைப் பற்றி நாம் அறிந்திருக்க வேண்டும்: பெண்களின் ஓமோன்கள், தைரொயிட் ஓமோன், அதிரீனல் சுரப்பியின் ஓமோன்.

பெண்களும் இந்நோயும்

நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் இந்நோய் ஆண்களை விடப் பெண்களையே அதிகம் பிடிக்கிறது. முதுமையில் இது ஆண்களுக்கே கூடுதலாக வருகிறது. ஈஸ்திரோஜன் என்ற பெண் ஓமோன் பிறபொருளெதிரிகள் உண்டாவதைத் தூண்டக்கூடியது என்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

மாதவிலக்குக்கு முந்திய நாட்களில் பெண் ஓமோன்களின் மட்டம் சரிகிறது. அந்த நாட்களில் தமது சோர்வு கூடுவதாக இந்நோயுள்ள பல பெண்கள் சொல்கிறார்கள். "ஒவ்வொரு மாதமும் சாட்டுச் சொல்கிறாள்" என்று வீட்டார் கடிந்துகொள்வது முறையல்ல. அது சாட்டு அல்ல. இரத்தத்தில் நடக்கும் மாற்றம்.

கர்ப்பகாலத்தில் நிலைமை ஆளுக்கு ஆள் வேறுபடும். பொதுவாகச் சொன்னால் மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் தணியும், ஒரு பங்கினருக்குக் கூடும், மற்றையோருக்கு மாற்றம் இராது. கூடுவதானால் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களிலும், பிள்ளை பிறந்தபின் வரும் வாரங்களிலுமே கூடும். பிரசவத்தோடு ஓமோன்களின் மட்டம் ஒரேயடியாக விழுந்துவிடுவதும், இரவு நித்திரை இல்லாமையும் அப்போது ஒன்றுசேர்கின்றன. எனவே பிள்ளை பெற்ற தாய் சில வாரங்களில் பிள்ளையைத் தூக்கவும் முடியாமல் சோர்ந்தால், "பச்சை உடம்பு, போகப்போகச் சரிவரும்" என்று காத்திராதீர்கள்.

இந்நோயுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் பத்துப் பிள்ளைகளில் ஒன்று அல்லது இரண்டுக்கு, தாயின் பிறபொருளெதிரிகள் கடந்து வந்திருப்பதனால், முதல் நாட்களில் அழுகையும் பால் உறிஞ்சுவதும் பலவீனமாக இருக்கலாம். சில வாரங்களில் அது தானாகவே நீங்கிவிடும். ஆனால் அந்த நாட்களில் பிள்ளை வைத்தியரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். ஆகையால் இத்தாய்மாருக்கு வைத்தியசாலைப் பிரசவமே பாதுகாப்பு. நோயை அடக்கும் சில மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடியவை. ஆதலால் பிள்ளை வேண்டும் என்று எண்ணும்போதே வைத்தியருக்குச் சொல்லிவிடவேண்டும். கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தருக்கும் நோயின் பெயரைத் தெரிவியுங்கள். பிரசவகால வலிப்புக்குக் கொடுக்கப்படும் மக்னீசியம் ஊசி இந்நோயாளிகளுக்கு ஆபத்தானது என்பதால், இதை முன்கூட்டியே சொல்லுவது அவசியம்.

கர்ப்பம் காவற்படையின் போக்கை மாற்றுவது இந்நோயில் மட்டுமல்ல. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற இன்னொரு நரம்பு நோயும் உடலின் காவற்படையினாலேயே உண்டாவது. ஐரோப்பாவில் 12 நாடுகளைச் சேர்ந்த 254 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அந்நோயின் தாக்கங்கள் வெகுவாகக் குறைந்ததும், பிரசவத்தின் பின்வந்த மூன்று மாதங்களில் மீண்டும் கூடியதும் தெரியவந்தன.

தைரொயிட் சுரப்பி

கழுத்தின் முன்புறத்தில் இருப்பது தைரொயிட் சுரப்பி. தசைச் சோர்வு நோயுள்ளவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு, அதே காவற்படை இந்தச் சுரப்பியையும் தாக்குகிறது. தைரொயிட் ஓமோன் கூடினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உடல் மெலியும். குறைந்தால் உடல் பருக்கும், குளிர் தாங்காது, மலச்சிக்கல் வரும். மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் தசைச் சோர்வு மோசமாகும். தைரொயிட்டைச் சீர்செய்தாலே சோர்வில் ஒரு பகுதி நீங்கிவிடுவதும் உண்டு. எனவே இந்நோய் கண்டறியப்பட்ட எவரும் தைரொயிட் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. நெஞ்சுப் படபடப்புக்கு வழமையாகக் கொடுக்கப்படும் புரொப்பிரானோலோல் என்னும் குளிசை, தசைச் சோர்வைக் கூட்டக்கூடியது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

இறையாத கிணறு

இனி, இக்கட்டுரையில் மிக முக்கியமான பகுதிக்கு வருகிறோம். எமது சிறுநீரகங்களின் மேல் தொப்பி போட்டதுபோல இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. இவை அதிரீனல் சுரப்பிகள். இவை சுரக்கும் கோர்ட்டிசோல் என்னும் ஓமோன் விடியற்காலையில் உயர்ந்து, இரவில் தாழும். காய்ச்சல், காயம், பயம், பட்டினி ஆகியன வரும்போது உடலைத் தாங்கிப் பிடிப்பது இதுவே. காவற்படை மிதமிஞ்சிச் சீறாமல் அடக்கிவைப்பதும் இதுவே.

அமெரிக்க வைத்தியர் பிலிப் ஹென்ச் என்பவர், மூட்டுவாத நோயுள்ள பெண்கள் கர்ப்பகாலத்தில் சுகமடைவதைக் கவனித்தார். உடலுக்குள் உண்டாகும் ஏதோ ஒரு பொருளே நோயைத் தணிக்கிறது என்று எண்ணித் தேடினார். அந்தத் தேடலின் வழியே, அதிரீனல் சுரப்பியின் ஓமோன் 1948இல் முதன்முறையாக மூட்டுவாத நோயாளிக்கு மருந்தாகக் கொடுக்கப்பட்டது. 1950இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று தசைச் சோர்வு நோயாளிகள் பலர் எடுக்கும் பிரெட்னிசொலோன் குளிசை அந்த ஓமோனின் வழிவந்ததே.

இந்நோய்க்கான மருந்துகளில் இரு வகை உண்டு. பிரிடோஸ்டிக்மின் குளிசை, அசற்றைல்கோலின் சீக்கிரம் அழிந்துபோகாமல் தடுத்துச் சில மணித்தியாலத்துக்குத் தசைக்குப் பலம் கொடுக்கும். பூச்சிகொல்லி சிலவும் இவ்விதமாகவே வேலை செய்கின்றன. ஆகவே இக்குளிசை அளவுக்கு மிஞ்சினால் எச்சில் வடிதல், வியர்வை, வயிற்றோட்டம் முதலிய, மருந்தடிக்கும்போது நஞ்சேறியவருக்கு வரும் அறிகுறிகளே வரும். பிரெட்னிசொலோனோ காவற்படையையே அடக்கி, நோயின் வேரில் வேலை செய்யும். தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரங்களில் சிலருக்குச் சோர்வு கூடுவதும் உண்டு. அதனால் பயந்து கைவிடாமல், வைத்தியரின் பார்வையில் தொடரவேண்டும். சிலருக்கு நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியைச் சத்திரசிகிச்சை மூலம் அகற்றுவதும் பலன் தரும்.

"இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்" என்பது எமது முன்னோர் வாக்கு. 2009க்குப் பின் மாந்தை மேற்கிலும் முசலியிலும் தமது காணிகளுக்குத் திரும்பிய குடும்பங்கள் இதன் பொருளைக் கண்ணால் கண்டன. முகாமில் பவுசர் தண்ணீரில் வாழ்ந்த காலத்தில் வீட்டுக் கிணறு தூர்ந்துபோயிருந்தது. திரும்பிய அன்றே அதில் அள்ளிக் குடிக்க முடியவில்லை. தூர்வாரி, இறைத்து, ஊற்றுத் திறக்க நாள் எடுத்தது. பிரெட்னிசொலோன் பவுசர் தண்ணீரைப் போன்றது. வெளியிலிருந்து ஓமோன் நாள்தோறும் வருவதைக் கண்ட அதிரீனல் சுரப்பி, "இனி நான் சுரக்க வேண்டியதில்லை" என்று உறங்கிவிடுகிறது. சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தாலே இது நிகழலாம். ஆண்டுக்கணக்கில் எடுத்தவருக்கு அந்தச் சுரப்பி மீண்டும் எழும்ப மாதங்கள் செல்லும்.

இந்நிலையில் குளிசையை ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும்? பவுசரும் இல்லை, கிணறும் இல்லை. இரத்த அழுத்தம் விழும், சத்தி, வயிற்றுவலி, தலைச்சுற்று, மயக்கம் வரும், உயிரே போகலாம். அடங்கியிருந்த தசைச் சோர்வும் சீறிக்கொண்டு திரும்பிவரும். எனவே பிரெட்னிசொலோனை நிறுத்துவதென்றால், வைத்தியர் சொல்லும்படி படிப்படியாகக் குறைத்தே நிறுத்தவேண்டும். கிணறு மெதுவாக ஊறுவதற்கு அவகாசம் கொடுப்பதே இதன் நோக்கம்.

எமது மக்கள் குளிசையை நிறுத்துவது பெரும்பாலும் அலட்சியத்தால் அல்ல. 1990இலும், 2007 முதல் 2009 வரையிலும் ஒரு மணித்தியால அவகாசத்தில் வீட்டை விட்டு ஓடியவர்களுக்கு மருந்துப் பை நினைவில் இருந்திராது. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது நாடெங்கும் மருந்துக்குத் தட்டுப்பாடு உண்டானது. வெள்ளத்தில் பாதை மூடினாலும், கிளினிக் போக பஸ் காசு இல்லாமற் போனாலும் இதே நிலைதான். இன்னும் சிலர் முகம் வீங்குகிறது, உடம்பு பருக்கிறது என்று வெட்கப்பட்டு நிறுத்துகிறார்கள். முகம் வீங்குவது உண்மை. நீரிழிவும் பிரஷரும் வரலாம், எலும்பு நலியலாம், கிருமித் தொற்றுக்கள் இலகுவில் பிடிக்கலாம் என்பதும் உண்மையே. இவற்றை வைத்தியருக்குச் சொன்னால் அளவைக் குறைக்கவும் வேறு மருந்து சேர்க்கவும் அவரால் முடியும். தாமாக நிறுத்துவதற்கு மட்டும் இடமில்லை.

குடும்பங்கள் செய்யக்கூடியவை

1. காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை ஆகியவற்றை ஒரு பையில் ஆயத்தமாக வைத்திருக்க நாம் பழகிவிட்டோம். அதே பையில் கிளினிக் கொப்பியையும் இரண்டு வாரத்துக்குரிய குளிசைகளையும் நனையாமல் சுற்றி வையுங்கள். பழைய குளிசையை எடுத்துப் பாவித்துப் புதியதை வையுங்கள்.

2. ஒரு மட்டையில் நோயின் பெயர், மருந்துகளின் பெயர், அளவு, "பிரெட்னிசொலோனைத் திடீரென நிறுத்தக்கூடாது" என்ற வசனம் ஆகியவற்றைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுவித்து நோயாளி எப்போதும் தம்முடன் வைத்திருக்கட்டும்.

3. குளிசை முடிய ஒரு வாரம் இருக்கும்போதே கிளினிக்குக்குப் போங்கள். அங்கே கையிருப்பு இல்லையென்றால் அன்றே வைத்தியரைக் கண்டு மாற்று வழி கேளுங்கள்.

4. காய்ச்சல், காயம், சத்திரசிகிச்சை என்பன வந்தால் உடலுக்கு ஓமோன் கூடுதலாகத் தேவை. அப்போது எவ்வளவு கூட்டி எடுப்பது என்பதைச் சுகமாக இருக்கும்போதே வைத்தியரிடம் கேட்டு எழுதிவையுங்கள். சத்தியால் குளிசை வயிற்றில் தங்காவிட்டால் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். ஊசி மூலம் கொடுப்பார்கள்.

5. பிரெட்னிசொலோனைக் காலையில், சாப்பிட்ட பின் எடுங்கள். நெத்தலி போன்ற முள்ளோடு உண்ணும் சிறுமீன், பால், குரக்கன், கீரை ஆகியன எலும்புக்கு நல்லவை. கருவாட்டு உப்பையும் சீனியையும் குறையுங்கள்.

6. வேறு எந்த வருத்தத்துக்கு மருந்து எடுக்கும்போதும் இந்நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள். ஜென்டாமைசின், சிப்ரொபிளொக்சசின், எரித்ரோமைசின் போன்ற கிருமிகொல்லி மருந்துகளும், மலேரியாவுக்குக் கொடுத்த குளோரோகுயின், குயினைன் ஆகியவையும் சோர்வைக் கூட்டக்கூடியவை. இலங்கை மலேரியா அற்ற நாடென்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டாலும், அவ்வகைக் குளிசைகள் வேறு நோய்களுக்கு இன்னும் கொடுக்கப்படுகின்றன.

7. மூச்சு முட்டினால், விழுங்க முடியாவிட்டால், எச்சில் தொண்டையில் தேங்கினால் விடியும்வரை காத்திராதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

8. வெயில் ஏறுமுன் காலையில் வேலை, நடுப்பகலில் ஓய்வு என்று நாளை ஒழுங்குசெய்யுங்கள். உணவு மிருதுவாகவும், மருந்து வேலை செய்யும் நேரத்திலும் இருக்கட்டும்.

சந்தேகம் உள்ளவர்கள் அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கோ மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ சென்று, "பின்னேரத்தில் இமை விழுகிறது, ஓய்வெடுத்தால் தேறுகிறது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இந்த ஒரு வசனமே வைத்தியருக்குப் பாதி வழியைக் காட்டும். அவர் நரம்பியல் வைத்திய நிபுணரிடம் அனுப்பிவைப்பார்.

அன்புக்குரியவர்களே, நடக்கமுடியாத ஒருவரை நான்கு பேர் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய நிகழ்ச்சியை நற்செய்தியில் நாம் வாசிக்கிறோம். ஆண்டவர் அந்த நால்வரின் விசுவாசத்தையும் கண்டார். எமது கிராமங்களிலும் அந்த நால்வர் தேவைப்படுகின்றனர். கிளினிக் நாளன்று துணைக்குப் போக ஒருவர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர். குளிசை முடிந்த செய்தியைக் கொண்டுபோக ஒருவர். களைத்தவரைப் பார்த்து "சோம்பல்" என்று ஊர் சொல்லும்போது, "இல்லை, அது நோய்" என்று எழுந்து சொல்ல இன்னொருவர். மாதர் சங்கங்களும் பங்குச் சபைகளும் இதனைத் தமது வேலையாக எடுத்துக்கொள்ளட்டும்.